பாலுக்கும் காவல்

வின்தோர்ப் மனை, நார்தாம்ப்டன் பக்கம்
1561, மைக்கேல் திருநாளுக்கு மறுநாள்

என் பிரியமான அக்கா தாமசினுக்கு,

தங்கை உர்சுலா சொல்லி எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் பிள்ளை ஜெர்வாஸும் சுகம். நார்விச்சில் நீயும் கில்பர்ட் அத்தானும் பிள்ளை கிறிஸ்பினும் சுகமாக இருக்கிறீர்களா? என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் சுகம் என்று எழுத வாய் வரவில்லை. அறுவடைக்கு முன்னால் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. நேற்று கைக்குட்டையில் ரத்தம். வைத்தியர் பார்த்துவிட்டு, "உயில் எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதனால் உயில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாதிரியார்தான் எழுதுகிறார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் எழுதுகிறார், ஆகவே நான் பேசுவதில் பாதிதான் உனக்கு வரும். எனக்கு மாடி அறை, பெரிய இறகு மெத்தை, குளிருக்கு விறகு, பால் கறக்கப் பசு, தோட்டத்துக்குப் போய்வர வழி. எல்லாம் நான் விதவையாக இருக்கும்வரை. "இன்னொருத்தனைக் கட்டினா மெத்தையை வச்சுட்டுத்தான் போகணும்" என்று சிரிக்கிறார். சிரித்தால் இருமல் வருகிறது.

நிலமும் வீடும் ஜெர்வாஸுக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அதனால் வயது வரும்வரை அவனுக்கும் நிலத்துக்கும் காவலர், பக்கத்து மனை ஆம்புரோஸ். ஜெர்வாஸ் பிள்ளையில்லாமல் போய்விட்டால் (இதை எழுதமாட்டேன் என்று பாதிரியார் அடம்பிடித்தார், எழுதுங்கள் என்றேன்) நிலம் ஆம்புரோஸுக்கே சேரும். "அப்பதான் நன்றியோட பையனைப் பார்த்துப்பான்" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கும் சரியென்றுதான் படுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

உன் தங்கை
உர்சுலா


நார்விச்
அக்டோபர், லூக்கா திருநாள்

தங்கச்சி உர்சுலாவுக்கு,

அக்கா ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம், என் பல்வலியைத் தவிர. தம்பி பார்னபியின் இருமலுக்குத் தேனும் ஈசோப்பு இலையும் காய்ச்சிக் கொடு, குளிர்காற்று படாமல் பார்த்துக்கொள்.

இப்போது உயில் விஷயம். அடி பைத்தியமே, உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் என்று எனக்குத் தெரியும், அதுவுமா காய்ச்சலில் படுத்துவிட்டது? ஆட்டுக்குட்டியை ஓநாயிடம் கொடுத்து, "இது செத்தால் தோல் உனக்கு, ஆகவே நன்றாகப் பார்த்துக்கொள்" என்கிறீர்களே. பிள்ளை போனால் எவனுக்கு லாபமோ அவன் கூரையின்கீழ் பிள்ளை தூங்கக் கூடாது. இதை ஊரில் கோழி மேய்க்கிறவள்கூடச் சொல்வாள். அதுவும் ஆம்புரோஸ். அவன் சிரித்து அவன் நாய்கள்கூடப் பார்த்ததில்லை.

காவலனாக அவனே இருக்கட்டும், வாங்கிய பொறுப்பை விடமாட்டான். ஆனால் நிலத்தை வேறு யார் பெயருக்காவது மாற்றச் சொல். இன்றைக்கே மாற்றச் சொல். உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "நீ சொல்றது நியாயம்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது கிறிஸ்துமஸ் மாதிரி, வருஷத்துக்கு ஒருமுறை.

சின்ன வயதில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி உனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தேனே. ஓடாமல் உட்கார்ந்திருந்தால் இன்றைக்குப் பாதிரியார் தயவு வேண்டியிருக்காது.

அக்கா
தாமசின்


வின்தோர்ப்
நவம்பர், மார்ட்டின் திருநாள் கழிந்து

அக்காவுக்கு,

நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். அவர் போய்விட்டார். மார்ட்டின் திருநாளன்று, எல்லா வீட்டிலும் குளிர்காலத்துக்கு மாடு அறுக்கிற சத்தத்துக்கு நடுவில். கடைசியில் என் பெயரைச் சொன்னாரா, தண்ணீர் கேட்டாரா என்று புரியவில்லை.

உன் சொல்லை அவர் கேட்டார். ஆம்புரோஸை வரவழைத்து, "உன்னைச் சோதனைக்கு உட்படுத்த மனசில்ல, நிலத்தை வேற பேருக்கு எழுதறேன்" என்றார். ஆம்புரோஸ் எழுந்து நின்று, "என்னைத் திருடன்னு சொல்றதுக்குக் கூப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனான். வாசலில் நின்று திரும்பி, "காவல் பொறுப்பை விடமாட்டேன், போ" என்றும் சொன்னான்.

அடக்கம் முடிந்து சாப்பாட்டின்போது உயிலை வாசித்தார்கள். ஜெர்வாஸுக்கு ஏதாவது ஆனால் நிலம் உன் கிறிஸ்பினுக்கு. நானும் அவரும் சேர்ந்து யோசித்ததுதான். அவர் பக்கத்தில் ஆளில்லை, என் பக்கத்தில் நீதான் இருக்கிறாய். உன் பிள்ளை வேறு என் பிள்ளை வேறா? உலகத்தில் ஜெர்வாஸ் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று என்னைப்போல் நினைக்கிறவள் நீ ஒருத்திதான். இப்போது மனது நிம்மதி.

உர்சுலா


நார்விச்
டிசம்பர், திருவருகைக் காலம்

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன்னைக் கட்டிக்கொண்டு அழ நான் பக்கத்தில் இல்லை. தம்பி பார்னபி நல்ல மனிதன். என் சமையலை முகத்துக்கு நேரே குறை சொன்ன ஒரே ஆள், அதற்காகவே எனக்குப் பிடிக்கும். கறுப்புத் துணி நெய்து அனுப்பியிருக்கிறேன், சாயம் போகாது.

கிறிஸ்பின் பெயரை எழுதியிருக்க வேண்டாம். எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, என்னவோ எனக்கென்று கேட்டு வாங்கியதுபோல. உன் அத்தான் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி எடுத்துவரச் சொன்னார். "நல்ல குடும்பம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். ஜெர்வாஸுக்கு எட்டு வயது ஆகிவிட்டதே, கௌரவமான வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டில் வளர்ந்துதானே மேசை மரியாதையும் நடையுடையும் பழகவேண்டும்? அந்நியன் வீட்டில் ஏன், பெரியம்மா வீடு இருக்கும்போது? எனக்கு வாயெல்லாம் பல். எனக்கு ஒரு பிள்ளையோடு நின்றுபோன வீடு இது. யோசித்து எழுது.

அக்கா
தாமசின்


வின்தோர்ப்
ஏப்ரல், ஈஸ்டர் முடிந்து

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். இங்கே சுகம்.

பனி உருகிவிட்டது, ஜெர்வாஸை அனுப்புகிறேன். கம்பளி வண்டிக்காரர் கூட்டிவருவார். ஆம்புரோஸிடம் சம்மதம் கேட்கப் போனபோது நான் பட்ட பாடு. "என் வீட்ல வளரட்டும், குதிரை ஏறக் கத்துக்கட்டும்" என்றான். அந்த வீட்டில் நாய்தான் முதலில் சாப்பிடுகிறது. பாதிரியார் எவ்வளவோ பேசினபிறகு, "போகட்டும், ஆனா நான் நினைச்சா திரும்பக் கூப்பிட்டுக்குவேன், உயில்ல எழுதியிருக்கு" என்று உறுமினான். உன் சொல் நினைவுக்கு வந்தது. ஓநாய் ஓநாய்தான்.

பிள்ளைக்கு இருட்டு பயம், சொல்லமாட்டான். முட்டை ஒத்துக்கொள்ளாது. தூங்கும்போது யாராவது நெற்றியைத் தொட்டால் போதும். அவனைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை அக்கா, அதை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை.

உர்சுலா


நார்விச்
மே மாதக் கடைசி

தங்கச்சிக்கு,

உன் பிள்ளை சுகம், நாங்களும் சுகம். வந்த மறுநாளே மேசையருகே நின்று பரிமாறினான், என் மடியில் பாதி குழம்பு. "மன்னிக்கணும் பெரியம்மா, உங்க மடி நகர்ந்துடுச்சு" என்றான். பார்னபியின் நாக்கு அப்படியே. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

உன் அத்தானைத்தான் நீ பார்க்கவேண்டும். பிள்ளை இளைத்திருக்கிறான் என்று, தூங்கப் போகும்முன் பாலைக் காய்ச்சி, வைன் ஊற்றித் திரித்து, ஜாதிக்காய் போட்டு, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத மனிதர். வயதானால் மனது இளகும்போல.

ஆண்ட்வெர்ப்புக்கு உன் அத்தானின் துணியை ஏற்றிப் போன கப்பல் மூழ்கிவிட்டது. அதைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிறிஸ்பினுக்குப் பெரிய இடத்தில் பெண் பார்க்கிறோம். அடுத்த மாதம் பெண்வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள்.

அக்கா
தாமசின்


வின்தோர்ப்
ஜூலை, சுவிதின் திருநாள்

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. வண்டிக்காரர் சொன்னார், "பையன் கன்னம் ஒட்டிப்போச்சும்மா, அம்மாவைக் கேட்டேன்னு சொல்லச் சொன்னான்" என்று. வாந்தி என்றும் சொன்னார். முட்டை கொடுத்தீர்களா? பல்வலி வந்தாலே பக்கம் பக்கமாக எழுதுகிறவளுக்கு இப்போது என்ன ஆயிற்று? நான் வரட்டுமா? ஒரே ஒரு வரி எழுது.

உர்சுலா


நார்விச்
ஜூலைக் கடைசி

அன்புள்ள சகோதரி உர்சுலாவுக்கு,

இறைவன் அருளால் அனைவரும் நலம். ஜெர்வாஸுக்கு வயிற்றில் சிறு கோளாறு, இப்போது தேவலை. கோடையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்று என் கணவர் சொல்கிறார். நல்ல வைத்தியர் பார்க்கிறார். பாதையெல்லாம் சேறு, வரவேண்டாம் என்று என் கணவர் சொல்கிறார்.

இனிமேல் வீட்டுக் கடிதங்களையெல்லாம் தம் முத்திரையோடு தாமே அனுப்புவதாக அவர் அன்போடு ஏற்றுக்கொண்டிருக்கிறார். தம் வணக்கத்தையும் தெரிவிக்கச் சொன்னார்.

தாமசின்


நார்விச்
ஆகஸ்ட், புது ரொட்டித் திருநாள்

மரியாதைக்குரிய ஐயா ஆம்புரோஸ் அவர்களுக்கு,

நீங்கள் சுகம் என்று நம்புகிறேன். நான் வின்தோர்ப் உர்சுலாவின் அக்கா. உங்களை ஓநாய் என்று சொல்லி, உங்கள் பெயரை உயிலில் அடிக்கச் சொன்னவள் நான்தான். இந்தக் கடிதம் மீன்காரியின் கூடையில் வருகிறது. படித்ததும் எரித்துவிடுங்கள்.

விருந்தில் பெண்ணின் அப்பா என் வீட்டுக்காரரிடம் கேட்டார், "உங்க பையனுக்கு நிலம் என்ன இருக்கு?" இவர் சொன்னார், "நார்தாம்ப்டன் பக்கம் ஒரு மனை வருது." "எப்போ?" "அதிக நாள் ஆகாது." அப்போது ஜெர்வாஸ் கைகழுவும் கிண்ணத்தோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். பிள்ளைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வாரத்திலிருந்துதான் வாந்தி. நான் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. அவர் தரும் பால் குடித்த ராத்திரி வாந்தி, குடிக்காத ராத்திரி இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் கட்டிலருகே போய்க் கை தவறினதுபோல் குவளையைத் தட்டிவிடுகிறேன். எத்தனை ராத்திரிதான் ஒருத்திக்குக் கை தவறும்? நேற்று அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரிடம் போய்ச் சொல்வது? ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் இவர் மேசையில் சாப்பிடுகிறவர்கள். உர்சுலாவிடம் சொன்னால் அழுதுகொண்டு ஓடிவந்து வாசலில் கத்துவாள். இவர் சிரித்துச் சமாதானம் பண்ணி அவளை அனுப்பிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்வார். சட்டப்படி அவனைத் தூக்கிக்கொண்டு போக உரிமை உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அந்தப் பிழைப்பு பிழைக்கிறேன் ஐயா. பூனைக்குட்டியைப் பெற்றவளும் நான்தான். கிறிஸ்பினுக்கு இதெல்லாம் தெரியாது.

உயிலையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முரட்டுத்தனமாகப் பேசுங்கள், உங்களுக்கு அது வரும். நானும் எதிர்த்துப் பேசுவேன், பொருட்படுத்தாதீர்கள். என் பெயரை யாரிடமும் சொல்லவேண்டாம், என் தங்கையிடமும்தான். சொன்னால் அவள் அடுத்த வண்டியிலேயே எனக்கு நன்றி எழுதுவாள். வரும் கடிதத்தையும் இவர்தான் முதலில் பிரிக்கிறார்.

தாமசின்


வின்தோர்ப்
ஆகஸ்ட், பர்த்தலேமு திருநாள் கழிந்து

தாமசினுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனதில்லை.

என் பிள்ளையை அந்த மிருகம் வந்து தூக்கிக்கொண்டு போகும்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? வாசலில் நின்று நாலு வார்த்தை சொன்னாயாம், பிறகு பிள்ளையின் துணிமூட்டையை நீயே கட்டிக் கொடுத்தாயாம். வண்டிக்காரர் பார்த்ததைச் சொன்னார். அத்தான்தான் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று சண்டை போட்டாராம். ரத்த சொந்தமில்லாத அவருக்கு இருக்கிற பதைப்பு கூடப்பிறந்த உனக்கு இல்லை.

ஓநாய் ஓநாய் என்று எனக்குப் புத்தி சொன்னது யார்? கடைசியில் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கயிறு கட்டி, ஓநாயின் கையில் கொடுத்தது யார்? நோயாளிப் பிள்ளை பாரமாகிவிட்டானா உனக்கு? நான் போய் ஆம்புரோஸின் காலில் விழுந்தாவது அவனை மீட்டு அத்தானிடமே திரும்ப அனுப்புவேன். உனக்காக இல்லை, அவருக்காக.

இனி நீ எனக்கு அக்கா இல்லை. பாதிரியார் இதை எழுதத் தயங்குகிறார். எழுதுங்கள் என்றேன்.

உர்சுலா


நார்விச்
செப்டம்பர், சிலுவைத் திருநாள்

அன்புள்ள உர்சுலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் கணவர் எனக்கு வாசித்துக் காட்டினார், என் கண் சரியில்லை என்று. நீ சொன்னது எல்லாம் சரி. பிள்ளை எனக்குப் பாரமாகத்தான் இருந்தான். என்னைத் திட்டிக்கொள், ஆனால் ஆம்புரோஸிடம் சண்டைக்குப் போகாதே. சட்டம் அவர் பக்கம்.

என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உனக்கு அன்பைத் தெரிவிக்கச் சொல்கிறார். பையனுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி ஆம்புரோஸின் காதுக்கு எப்படிப் போயிற்று என்பதுதான் அவருக்கு விளங்கவில்லையாம். தினமும் என்னைக் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை என்று சொல்கிறேன். மீன்காரி இப்போது எங்கள் தெருவுக்கு வருவதில்லை.

எனக்குக் கொஞ்சம் பலவீனம், வேறொன்றுமில்லை. அவர் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். ராத்திரியில் பாலைக் காய்ச்சி, வைன் ஊற்றித் திரித்து, தம் கையாலேயே கொண்டுவந்து தருகிறார். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறார்.

ஜெர்வாஸுக்கு என் முத்தம். தூங்கும்போது யாராவது அவன் நெற்றியைத் தொடட்டும்.

தாமசின்


ஆம்புரோஸ் மனை
செப்டம்பர், மத்தேயு திருநாள்

அக்கா,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணல். சாம்பலில் நீ சொல்லிக் கொடுத்ததில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. ஆம்புரோஸ் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். என் கோணல் எழுத்தைப் பார்த்தால்தான் நீ நம்புவாய்.

முன்பு இரண்டு தடவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார், இந்தத் தடவை சண்டை போடத்தான் வந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் நாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்தான். கன்னம் உப்பியிருக்கிறது அக்கா. ரொட்டி கேட்டுத் தின்கிறான். "வயிறு வலிக்குதாடா?" என்றேன். "இங்க யாரும் பால் தரதில்லம்மா" என்றான். "அங்க பெரியம்மா தினம் குவளையைக் கீழ தட்டிடுவாங்க. கை தவறிடுச்சும்பாங்க. பெரியப்பா கோவமா பார்ப்பாரு." எனக்கு அப்போதும் விளங்கவில்லை, மரமண்டை.

இன்றைக்குக் காலையில்தான் உன் கடிதம் கைக்கு வந்தது, பிரிக்காமலே கொண்டுவந்திருந்தேன். ஆம்புரோஸ் உரக்க வாசித்தார். பால் என்ற இடம் வந்ததும் பிள்ளை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அதையா பெரியம்மா குடிக்கிறாங்க?" என்று கேட்டான். ஆம்புரோஸ் கடிதத்தை மடித்து வைத்தார். "உன் அக்கா எனக்கு ஒண்ணு எழுதியிருந்தா. எரிக்கச் சொன்னா, எரிச்சுட்டேன். சொல்லக்கூடாதுன்னா. இப்ப சொல்றேன்" என்றார். சொல்லி முடித்துவிட்டு எழுந்து குதிரைகளுக்குச் சேணம் கட்டச் சொன்னார்.

இதைக் கொண்டுவருகிறவன் அவருடைய ஆள். சமையற்கட்டு வழியாக வந்து உன் கையில்தான் கொடுப்பான். நாங்கள் அவனுக்குப் பின்னாலேயே வருகிறோம், நானும் அவரும். நான் எழுதச் சொன்ன அந்தக் கடைசிக் கடிதத்தை நினைத்தால் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நீ இரு.

இன்று ராத்திரி பால் வந்தால் குடிக்காதே அக்கா. கை தவறட்டும். நாளைக்கும் தவறட்டும். நான் வந்து சேரும்வரை தவறிக்கொண்டே இருக்கட்டும்.

உர்சுலா